பெட்ரோல் மூடியில் அரக்கு

சந்தேகம் என்பதே இல்லாத வீட்டில் வளர்ந்தவர் யாராவது உங்களில் இருந்தால் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். இது உங்களுக்குப் புரியாது. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். நம் வயதுக்காரர்களின் அப்பாக்கள் எதையாவது முகர்ந்து பார்த்தும் விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும்தான் காலம் தள்ளினார்கள். எங்கள் அப்பாவுக்கு அது பிழைப்பாகவே அமைந்துவிட்டது. மட்டாஞ்சேரி கடைத்தெருவில் மிளகுத் தரகர். மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து, பப்பாளி விதை கலந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாக நகத்தால் நசுக்கிப் பார்ப்பார். கலப்படம் இல்லாவிட்டால் அவருக்குச் சந்தோஷம் வராது. இன்னும் ஆழமாகக் கையை விடுவார்.

எனக்கும் அந்த ரத்தம்தான். பார்சல் கொண்டுவருகிறவரை வாசலில் நிற்கவைத்துப் பிரித்துப் பார்த்த பிறகே அனுப்புகிறேன். மருமகள் தலையில் அடித்துக்கொள்கிறாள்.

போன மழைக்காலத்தில் மகனோடு இடப்பள்ளி வழியாகப் போய்க்கொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் கண்ணாடிக் கட்டடங்கள், நடுவில் வண்டிகளின் ஊர்வலம். மேம்பாலத்தில் ஏறும்போது காரின் இழுவை சட்டென்று குறைந்தது. மகன் தன் காரைத் தலைப்பிள்ளை மாதிரி வைத்துக்கொள்பவன். ஸ்டியரிங்கைக் குத்தினான். "போன வாரம்தான் சர்வீஸ் பண்ணினேன். திருட்டுப் பசங்க, எதையோ மாத்திட்டாங்க" என்றான். என்ன கோளாறு என்று பார்ப்பதற்கு முன்பே ஆளைக் கண்டுபிடித்துவிட்டான். அவன் தாத்தாவை அவன் பார்த்ததே இல்லை. ஆனால் குரல் அதே குரல்.

அதனால்தான் இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

அப்போது நான் சின்னப் பெண். கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. காற்று காயல் பக்கமிருந்து வந்தால் உப்பும் அழுகிய பாசியும் மணக்கும், இந்தப் பக்கமிருந்து வந்தால் சுக்கும் சாக்கும். கீழே மிளகு மூட்டை அடுக்குகிற கிட்டங்கி, மேலே நாங்கள், பக்கத்துக் கொட்டகையில் கார். கிரீம் நிறம். அந்தச் சந்தில் வேறு கார் கிடையாது. உங்களுக்கும் நினைவிருக்கும், அந்தக் கால கார்களில் சோக் என்று ஒரு கறுப்புக் குமிழ் இருக்கும், காலையில் அதை இழுத்துவிட்டுத்தான் வண்டியைக் கிளப்ப வேண்டும். எங்கள் வண்டியில் அந்தக் குமிழை இழுப்பது என் உரிமை. அதை எனக்குக் கொடுத்தவர் எங்கள் ட்ரைவர்.

ட்ரைவருக்குச் சுள்ளிக்கலில் வீடு. மலையாளத்துக்காரர்தான், ஆனால் எங்களோடு பழகி அரைத் தமிழ் பேசுவார். காலையில் சைக்கிளில் வருவார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வண்டியைக் கழுவுவார், துடைப்பார், மறுபடி துடைப்பார். எண்ணெய் மாற்றுவது, தண்ணீர் ஊற்றுவது, டயருக்குக் காற்று, எதிலும் ஒரு நாள் தவறியதில்லை. பானெட்டைத் திறந்தால் உள்ளே அடுப்பு மேடை மாதிரி சுத்தமாக இருக்கும். என்ஜின் ஓடும் சத்தம் தையல் மெஷின் சத்தம்தான். எனக்கு அவரை மிகவும் பிடிக்கும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

வினை எங்கிருந்து வந்தது என்றால், அப்பாவின் சிநேகிதரான இன்னொரு தரகரிடமிருந்து. அந்த வருஷம் பெட்ரோல் விலை ஏறியிருந்தது. தரகர் ஒரு நாள் மாலை வந்து, சாயா குடித்துக்கொண்டே, தன் ட்ரைவர் பெட்ரோலை உறிஞ்சி விற்றுக் கையும் களவுமாகப் பிடிபட்ட கதையைச் சொன்னார். போகும்போது வாசலில் நின்ற எங்கள் ட்ரைவரை ஒரு பார்வை பார்த்து, "உம்ம ஆள் யோக்கியன், இல்லையா?" என்று அப்பாவிடம் கேட்டார். கேள்வி கேட்டதோடு சரி. அவர் போய்விட்டார். கேள்வி எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது.

மறுநாள் அப்பா ஒரு காரியம் செய்தார். அது மிளகுத் தரகருக்கு மட்டும்தான் தோன்றும். அதைச் சொல்ல, மாதிரி டப்பாவைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும்.

வெளியூர் வியாபாரிக்குச் சரக்கு அனுப்புவதற்கு முன்னால் ஒரு தகர டப்பாவில் கொஞ்சம் மிளகு அனுப்புவார்கள், மாதிரிக்கு. எங்கள் ஊர் மழையில் மிளகு ஈரம் இழுத்துவிடும், பூசணம் பூத்துவிடும். அங்கே போய்த் திறக்கும்போது மாதிரி ஒன்று, மூட்டை ஒன்று என்று சண்டை வரும். அதனால் டப்பாவை மூடி, மேலே மெழுகுத் துணியைப் போர்த்தி, சணல் கயிறால் கழுத்தை இறுக்கிக் கட்டி, முடிச்சின் மேலும் விளிம்பைச் சுற்றிலும் அரக்கை உருக்கி ஊற்றி, ஆறுவதற்குள் பித்தளை முத்திரையை அழுத்துவார்கள். கடைத்தெருவில் இந்த வேலையில் அப்பாவை மிஞ்ச ஆள் கிடையாது. அவர் கட்டிய டப்பாவைத் தண்ணீரில் போட்டால்கூட உள்ளே ஈரம் போகாது. "காத்து போகாது, கேட்டியோ. காத்தே போகாது" என்பார். அந்தச் சிவப்பு அரக்குக் குச்சிகளின் மணம் எனக்கு இப்போதும் பிடிக்கும். எங்கே தேடினாலும் கிடைப்பதில்லை.

அப்பா காரின் பெட்ரோல் மூடியை அப்படித்தான் கட்டினார். மெழுகுத் துணி, சணல், அரக்கு, முத்திரை. பெட்ரோல் பக்கத்தில் நெருப்பைக் கொண்டுவராதே என்று அம்மா சத்தம் போட்டதால், அரக்கை அடுக்களையில் இரும்புக் கரண்டியில் உருக்கி ஓட்டமாக எடுத்து வந்தார். முத்திரை நான் கொண்டுவந்தேன். யார் திறந்தாலும் அரக்கு உடையும், உடைந்தால் தெரியும். பெட்ரோல் போடும் நாளில் தானே கூடப் போய் உடைப்பார், வீட்டுக்கு வந்ததும் தானே மறுபடி கட்டுவார்.

ட்ரைவர் துணியைப் பிழிந்துகொண்டே பார்த்தார். முதலில் சிரித்தார். "சாமி, வண்டிக்குத் தாலி கட்டியாச்சு போல" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அப்பா அரக்கை ஊதிக்கொண்டிருந்தார். அப்போதுதான் அது எதற்கு என்று ட்ரைவருக்குப் புரிந்தது. முகம் ஒரு மாதிரி ஆயிற்று. அன்றிலிருந்து அவர் வண்டி முழுவதையும் துடைப்பார், அந்த மூலையை மட்டும் விட்டுவிடுவார். தூசி படிந்து கிடக்கும். அப்பா அதையும் கவனித்தார். "பாத்தியோ, அந்தப் பக்கம் கையே போகலை அவனுக்கு" என்று அம்மாவிடம் சொன்னார்.

சில நாளில் வண்டிக்கு வியாதி வந்தது.

தோப்பும்படிப் பாலத்தில்தான் முதலில் தெரிந்தது. பாலத்தின் ஏற்றத்தில் ட்ரைவர் காலை அடிவரை அழுத்துகிறார், வண்டி போகவில்லை. விக்குகிறது, இருமுகிறது, தள்ளாடுகிறது. பாதிப் பாலத்தில் நின்றே விட்டது. பின்னால் பஸ்ஸின் ஹாரன். மீன்காரிகள் நடந்து எங்களைத் தாண்டிப் போனார்கள். கொஞ்ச நேரம் சும்மா கிடந்தபின் ஸ்டார்ட் ஆனது, இறக்கத்தில் இறங்கி, துறைமுகம் இருந்த ஐலண்டுக்குள் கொஞ்ச தூரம் போவதற்குள் மறுபடி உயிரை விட்டது. அப்பாவோடு துறைமுகத்துக்கு வந்த வியாபாரி இறங்கி வேறு வண்டி பிடித்துப் போனார். அப்பாவுக்கு அவமானம்.

தோப்பும்படியில் ஒரு பட்டறை. அதை நடத்துகிறவரை எல்லோரும் ஆசான் என்பார்கள். ஆசான் பானெட்டைத் திறந்து பார்த்து, இவ்வளவு சுத்தமான என்ஜினைத் தான் கண்டதில்லை என்றார். "பெட்ரோல் உண்டோன்னு நோக்கட்டே" என்று மூங்கில் குச்சியை எடுத்தார். அப்பா பாய்ந்து வந்து, அரக்கு முழுசாக இருக்கிறதா என்று கண்ணாடியைப் போட்டுப் பார்த்து, தன் கையாலேயே உடைத்து மூடியைத் திறந்தார். பெட்ரோல் நிறைய இருந்தது. பிறகு ஆசான் பிளக்குகளைக் கழற்றித் தேய்த்துப் பொருத்தினார். வண்டியை எடுத்துக்கொண்டு பாலத்தில் ஏறி இறங்கினார். தையல் மெஷின். "பிளக்காணு", பிளக்தான் கோளாறு என்று முடித்துவிட்டார். அப்பா வீட்டுக்கு வந்து மூடியைக் கட்டி அரக்கு வைத்தார்.

அடுத்த சவாரியில் வண்டி நின்றது.

ஆசான் இந்தத் தடவை கார்புரேட்டரைப் பிரித்தார். என்ஜினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து அனுப்பும் உறுப்பு அது. உள்ளே ஒரு துரும்பு இருந்ததாகச் சொல்லிக் காட்டினார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, அப்பாவுக்கும் தெரியவில்லை, ஆனால் வண்டி பறந்தது. வீடு, அரக்கு, பாலம், மறுபடி விக்கல். அடுத்த தடவை பெட்ரோல் பம்ப். அதற்கடுத்த தடவை வேறேதோ. ஒவ்வொரு தடவையும் ஆசான் குச்சியை விட்டுப் பார்க்க மூடியைத் திறக்கச் சொல்வார். ஒவ்வொரு தடவையும் திறந்த பிறகு அவர் எதைத் தொட்டாலும் வண்டி குணமாகிவிடும். பட்டறைக்கு நாங்கள் போய்ச் சேருவது வண்டி நின்று வெகு நேரம் கழித்து, கயிறு கட்டி இழுத்துக்கொண்டு. அங்கே தகரம் அடிக்கிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது.

எங்கள் வீட்டில் ஆளுக்கொரு சந்தேகம் வளர்ந்தது. அம்மாவுக்குக் கண்ணேறு. எதிர்வீட்டு மாமி தினம் மாடியிலிருந்து வண்டியைப் பார்க்கிறாள் என்று, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். அப்பாவுக்கு முதலில் ஆசான் மேல். "ஒண்ணைச் சரி பண்ணிட்டு இன்னொண்ணை மிச்சம் வெக்கறான்" என்றார். பிறகு பெட்ரோல் பங்கின் மேல், மண்ணெண்ணெய் கலக்கிறானோ என்று. யாரோ, டாங்கியில் சர்க்கரை போட்டால் என்ஜின் செத்துப்போகும் என்று சொல்லிவிட்டார்கள். அப்பா விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். அன்று முழுக்கத் துப்பிக்கொண்டிருந்தார்.

"இனிச்சுதா?" என்று அம்மா கேட்டாள்.

"இல்லை."

"பின்ன என்ன?"

"இனிக்கலைங்கறதுனால போடலைன்னு ஆயிடுமா?"

கடைசியில் எல்லாச் சந்தேகமும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தது. நன்றாக வைத்திருந்த வண்டி தானாகக் கெடாது, கெட்டால் கெடுத்த ஆள் இருக்க வேண்டும். ஆசான் ஓட்டினால் ஓடுகிறது, ட்ரைவர் ஓட்டினால் நிற்கிறது. அரக்கு வைப்பதற்கு முன்னால் நிற்கவே இல்லை. அப்பா இதை எங்களுக்கு அடுக்களை வாசலில் நின்று விளக்கினார். "முன்னே எடுத்துண்டிருந்தான். இப்போ எடுக்க முடியலை. அந்த ஆத்திரத்துல வண்டியைக் கெடுக்கறான்." சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. மூட்டையின் அடியில் பப்பாளி விதையைக் கண்டுபிடித்த முகம். அரக்கு வைத்த பிறகுதான் வண்டி நிற்கிறது என்று அவரே சொன்னார் பாருங்கள். கையில் வைத்துக்கொண்டே அதைத் தவறவிட்டார்.

"கூடப் போய் உக்காந்துக்கோ. கண்ணு வெச்சுக்கோ" என்று அம்மா என்னைக் காரில் அனுப்பத் தொடங்கினாள். நான் பின் சீட்டில் உட்கார்ந்து ட்ரைவரின் பிடரியைப் பார்த்துக்கொண்டே போவேன். ஒருவரைச் சந்தேகத்தோடு பார்த்துப் பழகிவிட்டால் பாவம், அவர் என்ன செய்தாலும் தப்பாகத்தான் தெரியும். சீட்டியடித்தால் இப்போது எதற்குச் சீட்டி. பேசாமல் ஓட்டினால் என்ன யோசனை. வழியில் நிறுத்தி எனக்குக் கடலை வாங்கிக் கொடுத்தால் எதற்கு இந்தக் கரிசனம். கடலையைத் தின்றுகொண்டே இதையெல்லாம் நினைத்தேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "என்தா மோளே, பிணக்கமோ?" என்று கேட்பார். கோபமா என்று கேட்கிறார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா டிக்கியைக் குடைந்தார். ஸ்டெப்னிக்குப் பின்னால் ஒரு ரப்பர் குழாய் சுருட்டி வைத்திருந்தது. அவ்வளவுதான். அப்பா அதை மூக்கில் வைத்து முகர்ந்தார், அம்மாவிடம் நீட்டினார், அம்மா முகர்ந்து முகத்தைச் சுளித்தாள். அந்த டிக்கியில் கிடந்த எதை முகர்ந்தாலும் பெட்ரோல்தான் மணக்கும். கந்தல் துணிகூட.

மறுநாள் காலை ட்ரைவர் சட்டையை ஆணியில் மாட்டும்போது அப்பா குழாயைக் காட்டிக் கேட்டார். "வண்டி கழுவத்தான் சாமி. மழையில்லாத்தப்போ பைப்பில இருந்து தண்ணி பிடிக்கும்" என்றார் அவர்.

"வாளி இருக்கே."

அப்பா மேலே கேட்கவில்லை. எங்கள் வீட்டுப் பழக்கம் அது, வாய் திறந்து ஒரு வார்த்தை குற்றம் சொல்லிவிட மாட்டார்கள். திருடன் என்று சொல்வது மரியாதைக் குறைவு. "நாளைலேர்ந்து வரவேண்டாம். வேற இடம் பாத்துக்கோ" என்று மட்டும் சொன்னார்.

"காரணம் என்தா சாமி?"

"காரணம் ஒண்ணும் இல்லை. வேண்டாம், அவ்வளவுதான்."

"ஏதாவது உண்டெங்கில் நேரே கேக்கலாம் சாமி. நான் சொல்றேன்."

அப்பா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ட்ரைவர் சாவியை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, பட்டனை நிதானமாக மாட்டி, சைக்கிளில் ஏறிப் போனார். என்னைப் பார்க்கவில்லை. நானும் மாடிப்படியில் பாதியில்தான் நின்றேன்.

கடைத்தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் அப்பா, "அதை விடுங்கோ" என்று கையை ஒரு வீசு வீசினார். ஒன்றும் சொல்லவில்லை என்று அவருக்கு நினைப்பு. அந்தக் கைவீச்சை எல்லோரும் அவரவர் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொண்டார்கள். மூட்டை தூக்குகிறவர்கள் சாயாக்கடையில் 'பெட்ரோல் கள்ளன்' என்று பேர் வைத்துவிட்டார்கள். கடைத்தெருவில் ஒருவரும் அவரை வேலைக்கு எடுக்கவில்லை. மீன் லாரி ஒன்றில் கிளீனராகப் போகிறார் என்று பிறகு கேள்விப்பட்டோம். அத்தனை வருஷம் ஸ்டியரிங் பிடித்தவர், லாரியின் பின்னால் நின்று "போட்டே போட்டே", போகட்டும் போகட்டும் என்று கத்திக்கொண்டு.

புது ட்ரைவர் வந்தார். எர்ணாகுளத்தில் இருந்த தமிழ்நாட்டுக்காரர், சாதுவான மனிதர். முதல் சவாரியிலேயே பாலத்தில் வண்டி அவரை நிற்கவைத்துவிட்டது. நியாயமாகப் பார்த்தால் அங்கேயே அப்பா விழித்திருக்க வேண்டும். "பழையவன் இவனையும் பிடிச்சுட்டான்" என்றார். புது ட்ரைவர் இரண்டொரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் நின்றுவிட்டார்.

அப்புறம்தான் சித்தப்பா வந்தார். அப்பாவின் தம்பி, களமசேரியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. ஒரு விடுமுறையில் எங்களைத் தன் குவார்ட்டர்ஸுக்குக் கூட்டிப்போக வந்தவர், தானே வண்டியை ஓட்டினார். முந்தின நாள் பெட்ரோல் நிறைத்து அப்பா புத்தம்புது அரக்கு வைத்திருந்தார். அன்று அது வழக்கத்தைவிடச் சிரத்தையான கட்டு.

அன்று பாலத்தை எப்படியோ தாண்டிவிட்டோம். இடப்பள்ளி தாண்டியதும் வண்டி விக்கத் தொடங்கியது. அன்று அங்கே வயல்கள்தான். மழை விட்ட சமயம், தவளைச் சத்தம், வண்டிகள் எப்போதாவது ஒன்று. சித்தப்பா ஓரமாக நிறுத்தினார்.

"இப்போ யாரைச் சொல்லுவேள் அண்ணா? ஓட்டினது நானாக்கும்" என்று சிரித்தார்.

அப்பா அவரைப் பார்த்தார். சொந்தத் தம்பியை, ஒரு நொடி, அந்தப் பார்வை. நான் பின் சீட்டிலிருந்து பார்த்தேன், அம்மாவும் பார்த்தாள். சித்தப்பாவின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

அப்பா இறங்கிப் பின்னால் போனார். பேனாக்கத்தியால் சணலை அறுத்தார், அரக்கை உதிர்த்தார், மெழுகுத் துணியை உரித்தார், மூடியைத் திருகினார். அப்போது அந்தச் சத்தம் வந்தது. நீளமாக, ஆழமாக, உள்ளே இழுக்கிற மூச்சு. தண்ணீருக்குள் வெகுநேரம் முங்கிக் கிடந்தவர் தலையை வெளியே எடுத்தால் இழுப்பாரே, அப்படி. வண்டி அப்போதுதான் நின்றிருந்தது, பக்கத்தில் தகரச் சத்தம் இல்லை, அதனால் நாங்கள் எல்லோருமே கேட்டோம்.

அப்பா மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சித்தப்பா விளக்க வாயெடுத்தார். அதற்கு முன்னால் அப்பாவே சொன்னார். "காத்து."

சித்தப்பா மூடியை வாங்கி அதன் நடுவில் இருந்த ஊசித்துளையைக் காட்டினார். பெட்ரோல் குறையக் குறைய டாங்கிக்குள் அந்த வழியாகக் காற்று போக வேண்டும், போகாவிட்டால் டாங்கி பெட்ரோலை வெளியே விடாமல் உள்ளேயே இழுத்துப் பிடித்துக்கொள்ளும், என்ஜின் பட்டினி கிடக்கும் என்றார். "மூச்சு விடற ஓட்டையைக் கட்டிட்டேள் அண்ணா." அப்பாவுக்குப் பாதியிலேயே புரிந்துவிட்டது. காற்றுப் போகாமல் கட்டுவதில் அவரைவிடத் தெரிந்தவர் யார்?

வண்டி அதன் பிறகு களமசேரி வரை ஒரு தும்மல்கூட இல்லாமல் போயிற்று. வழியில் அம்மா, "அப்போ அவன்?" என்று கேட்டாள்.

அப்பா உடனே போய்ப் பழைய ட்ரைவரைக் கூட்டிவந்திருப்பார் என்று நினைக்கிறீர்களா? எங்கள் அப்பாவை உங்களுக்குத் தெரியாது. நாள்கள் போயின. அரக்கு வைப்பதை விட்டுவிட்டார், அது சரி. ஆனால் சாப்பிடும்போது திடீரென்று, "இருந்தாலும் அந்தக் குழாய் எதுக்கு வெச்சிருந்தான்?" என்பார். வேறொரு நாள், "அரக்கு வெக்கறதுக்கு முன்னாடி எடுக்கலைன்னு யார் சொன்னா?" என்றார். அம்மா ரசம் ஊற்றுவதை நிறுத்தினாள். "நீங்க போறேளா, நான் போகட்டுமா?" என்று கேட்டாள். அம்மா அந்தக் குரலில் பேசி அதுவரை நான் கேட்டதில்லை.

ஆகவே போனார். நடந்தே போனோம். சின்னக் குழந்தை கூட இருந்தால் யாரும் கடுமையாகப் பேச மாட்டார்கள் என்று என்னையும் அழைத்துக்கொண்டார் என்று இப்போது தோன்றுகிறது. கையில் ஒரு சீப்பு நேந்திரம்பழம் இருந்தது. நல்ல வெயில்.

சுள்ளிக்கலில் வரிசையாக ஓட்டு வீடுகள், நடுவில் எல்லோருக்கும் ஒரு குழாய். பெண்கள் குடத்தோடு நின்றிருந்தார்கள். ட்ரைவர் வாசலில் உட்கார்ந்து லாரியின் தார்ப்பாயைத் தைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மகள் கப்பைக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைவிடக் கொஞ்சம் பெரியவள். அவர் எங்களைப் பார்த்ததும் எழுந்து, தோளில் கிடந்த துண்டால் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அப்பா உட்கார்ந்தார். அவர் நின்றார்.

அப்பா எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னார். மூடி, துளை, காற்று, இடப்பள்ளியில் கேட்ட சத்தம். எதையும் மறைக்கவில்லை, அதற்காக இன்றும் அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. "தப்பு என்னோடதுதான். நீ திரும்பி வரணும்" என்றார்.

ட்ரைவர் தரையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "சாமி இதை என்னோட மட்டும் சொன்னாப் போதுமோ?" என்றார் மெதுவாக. "இவங்க எல்லாரும் வேறயல்லோ கேட்டிருக்காங்க."

"நான் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லலையே."

"அதான் சாமி. சொல்லாமலே எல்லாரும் அறிஞ்சு."

அப்பா எழுந்தார். வெயிலில் குழாயடிக்கு நடந்தார். மேல்வேட்டியைச் சரிசெய்துகொண்டு, குடம் வைத்திருந்த பெண்களைப் பார்த்து, தனக்குத் தெரிந்த மலையாளத்தில், இவர் என் வண்டியிலிருந்து எதையும் எடுக்கவில்லை, இவர் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று சொன்னார். கடைத்தெருவில் ஏலம் கேட்கிற அந்தக் குரல் அன்று பாதிதான் வந்தது. ஒருத்தி குழாயை மூடினாள், நன்றாகக் கேட்கட்டும் என்று. எனக்கு அப்பாவைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

ட்ரைவரின் மகள் கத்தியை வைத்துவிட்டு எழுந்து வந்திருந்தாள். பெரியவர்கள் கேட்காததைக் கேட்பதற்கு அவள்தான் இருந்தாள்.

"அப்போ ஆரா எடுத்தது?"

"யாரும் எடுக்கலை மோளே" என்றார் அப்பா.

"எத்ர போயி?" எவ்வளவு போயிற்று என்று கேட்டாள்.

"ஒண்ணும் போகலை."

அவள் யோசித்தாள். ஒன்றும் போகவில்லை என்றால் தன் அப்பாவை எதற்காக அனுப்பினார்கள் என்பது அவளுக்குப் பிடிபடவில்லை. எனக்கும் அப்போதுதான் உறைத்தது. எங்கள் வீட்டில் அத்தனை மாதம் தேடியது காணாமலே போகாத ஒன்றை. "பின்னே என்தினா அச்சனைப் பறஞ்ஞு விட்டது?" என்றாள்.

"சந்தேகமா இருந்தது" என்றார் அப்பா.

"இப்போ மாறியோ?"

இப்போது போய்விட்டதா என்று கேட்டாள். குறும்பு இல்லை, குத்தல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அவ்வளவே. அப்பா வாயைத் திறந்தார். சொல்லவில்லை. பொய் சொல்ல வராத மனிதர் அவர், மிளகிலும் சரி, மற்றதிலும் சரி. சொல்லிவிடுங்கோ அப்பா, சொல்லிவிடுங்கோ என்று நான் உள்ளுக்குள் கதறினேன். கடைசியில், "போயிடுத்து" என்றார். ஆனால் அதற்குள் நேரம் ஆகிவிட்டது. குடம் வைத்திருந்தவர்கள் எல்லோரும் அந்த இடைவெளியைக் கேட்டிருந்தார்கள்.

ட்ரைவரும் கேட்டார். அவர் முகத்தில் கோபமே இல்லை. அப்பா ஸ்டூல் பக்கத்தில் வைத்திருந்த பழச் சீப்பை எடுத்து என் கையில் திரும்பக் கொடுத்தார்.

"வெயில் ஏறுது சாமி. மோளைக் கூட்டிட்டு வீட்டுக்குப் போங்க" என்று சொல்லிவிட்டு, தார்ப்பாயை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தைக்கத் தொடங்கினார்.